செம்பருத்தியைத் தலையில் வைக்கும் முன்

கடையில் வாங்கும் ஷாம்பு ஒத்துவரவில்லை, வீட்டிலேயே செம்பருத்தி வைத்து ஏதாவது செய்துகொள்ளலாமா என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. கேட்பது நல்லதுதான். ஆனால் கேட்கும்போதே அவர்கள் கையில் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. பூ முப்பது, தயிர் ஒரு கப், முட்டை ஒன்று, வெங்காயச் சாறு, கற்றாழை, விளக்கெண்ணெய் என்று போகும். இதில் எது எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பத்துப் பொருளைக் கலந்து ஒரே நாளில் தலையில் அப்பினால், நல்லது நடந்தாலும் எதனால் என்று தெரியாது, அரிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது.

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் இந்தச் செடி வேலியிலேயே நிற்கும். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் எங்களுடையது. அதனால் மலையாளக் கரையின் தாளியும் தமிழ்நாட்டின் சீயக்காயும் ஒரே வீட்டுக் குளியலறையில் இருக்கும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி எடுக்கும் கொழகொழப்பான சாற்றைத்தான் தாளி என்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் என்ற உரிமையில், புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பூவைத் தேடும் முன் இலையைப் பாருங்கள்

செம்பருத்தி என்றதும் எல்லோர் கையும் பூவுக்குத்தான் போகிறது. தலைமுடிக்கு உண்மையாக உழைப்பது இலை. கசக்கினால் வரும் கொழகொழப்புதான் அதன் சரக்கு. வெண்டை, துத்தி, பூவரசு, பருத்தி எல்லாம் செம்பருத்தியின் குடும்பம். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியோடு நூலாக இழுக்குமே, அதே வகைப் பசைதான் இதுவும். தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு முடியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அதனால் முடியும் முடியும் உரசாது, சிக்கு எளிதில் பிரியும், காய்ந்த பிறகு முடி பறக்காமல் படிந்து நிற்கும். பூவிலும் இந்தப் பசை உண்டு. ஆனால் பூ எல்லா நாளும் கைநிறையக் கிடைக்காது, இலை வருஷம் முழுக்கக் கிடைக்கும்.

சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் கவனிக்க வேண்டியது. செம்பருத்தி இலையிலிருந்தும் பூவிலிருந்தும் தனித்தனியாகச் சாரம் எடுத்து, எலிகளிலும், உடலுக்கு வெளியே வளர்த்த மயிர்க்கால்களிலும் சோதித்தார்கள். முடி வளர்ச்சியில் பூவைவிட இலையின் சாரமே மேலாக இருந்தது. அந்தச் சாரம் பெட்ரோலியம் ஈதரில் எடுத்தது, நாம் வீட்டில் கசக்கும் தாளி வேறு. சோதனை நடந்ததும் மனிதத் தலையில் இல்லை. ஆகவே வழுக்கையில் முடி முளைக்கும் என்று இந்த ஆய்வைக் காட்டி யாராவது எண்ணெய் விற்றால் நம்பிவிடாதீர்கள். இலையை ஒதுக்காதீர்கள் என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தச் செடி என்று தெரிந்து பறியுங்கள்

ஐந்து இதழோடு ஒற்றை அடுக்காகப் பூக்கும் சிவப்புச் செம்பருத்திதான் வழக்கமாக எடுப்பது. அடுக்குச் செம்பருத்தியின் இலையும் பசை விடும், தவறில்லை. நர்சரியில் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பெரிய பூவோடு தொட்டியில் விற்கும் ஒட்டுரகங்களை வாங்கினால், புதிதாக விட்ட இலைகளைத்தான் பயன்படுத்துங்கள். வாங்கின அன்றைக்கே பறிக்க வேண்டாம். விற்பனைக்கு வைக்கும் செடிக்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. செம்பருத்தித் தேநீர் என்று பாக்கெட்டில் வரும் புளிப்பான சிவப்புச் சரக்கு வேறு செடி. அது புளிச்சகீரை இனத்தின் காயைச் சுற்றியிருக்கும் சதைப்பற்றான புல்லிவட்டம். குடிக்க நன்றாக இருக்கும். தலைக்கு என்று நான் சொல்வது அது இல்லை.

3. பறிக்கும் முறை

காலையில் பறியுங்கள். செம்பருத்திப் பூவுக்கு ஆயுசு ஒரு நாள்தான். மாலைக்குள் சுருண்டுவிடும், மறுநாள் உதிர்ந்துவிடும். இலையில் நுனிக்கொழுந்தையும் அடியில் முற்றித் தடித்ததையும் விட்டுவிட்டு நடுப்பகுதியில் எடுங்கள். கொழுந்தைப் பறித்தால் செடிக்குத்தான் நஷ்டம், அடுத்த மொட்டு அங்கேதான் வரும். முற்றிய இலை நார் நாராக நிற்கும், பசை குறைவு.

பறித்ததும் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்திலும் நரம்போரத்திலும் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. செம்பருத்திக்கும் அதற்கும் அப்படி ஓர் ஒட்டு. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு வீட்டு வாசல் செம்பருத்தியையும் அது விட்டுவைக்கவில்லை. 2010-ல் அதற்கு எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. உங்கள் செடியில் பூச்சி இருந்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மற்ற கிளைகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மருந்து அடித்த செடியிலிருந்து தலைக்குப் பறிக்கவே கூடாது.

சாலையோரத்துச் செடியை விட்டுவிடுங்கள். வண்டிப் புகையும் தூசியும் அந்தச் சொரசொரப்பு இல்லாத இலையில்கூடப் படலமாக ஏறியிருக்கும். பக்கத்து வீட்டு வேலியில் இருந்தால் கேட்டுப் பறியுங்கள். பல வீடுகளில் அந்தப் பூ காலையில் சாமிக்குப் போகிற பூ.

பூவைச் சேர்ப்பதாக இருந்தால் பச்சைக் காம்புக் கிண்ணத்தையும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் எடுத்துவிட்டு இதழை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிப்பைக் கிளப்பும்.

4. தாளியைக் கையால் பிசையுங்கள், மிக்ஸியில் போடாதீர்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தோள்வரை முடி உள்ளவர்களுக்கு இருபது இலை போதும். இடுப்புவரை என்றால் அதற்கு இரண்டு பங்கு. இலையை இரண்டு தண்ணீரில் அலசி, காம்பைக் கிள்ளிவிட்டு, வாய் அகன்ற பாத்திரத்தில் போடுங்கள். இலை முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அவசரமில்லை என்றால் கால்மணி நேரம் அப்படியே ஊறட்டும். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இலையை வைத்து, துணி துவைக்கிற மாதிரி தேயுங்கள். முதலில் பச்சைத் தண்ணீர்தான் வரும், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் விரல் வழுக்கத் தொடங்கும், தண்ணீர் கனக்கும். கையைத் தூக்கினால் சொட்டாமல் நூலாக இறங்கும். அப்போது நான்கைந்து பூவின் இதழ்களைச் சேர்த்து இன்னும் கொஞ்சம் கசக்கினால் கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்கு வரும். லேசாக நுரைக்கவும் செய்யும். சக்கையை அழுத்திப் பிழிந்து எடுத்துவிட்டு, மெல்லிய பழைய துணியில் சாற்றை வடியுங்கள். பசை கெட்டியாக இருப்பதால் தானாக இறங்காது. துணியை முறுக்கிப் பிழிய வேண்டும்.

மிக்ஸியில் அரைத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடியும், உண்மைதான். ஆனால் அந்த விழுதில் இலைத்துணுக்கு பொடிப்பொடியாக இருக்கும். அது முடியில் சிக்கினால் நான்கு முறை அலசினாலும் போகாது. காய்ந்த பிறகு பொடுகு மாதிரி உதிரும். அதை எடுக்கத் தலையைச் சொறிந்து, சீப்பால் இழுத்து, இருக்கிற முடியையும் அறுத்துக்கொண்டு, செம்பருத்தி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். கைவலி உள்ளவர்கள் மிக்ஸியைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒன்றிரண்டாக அடித்து, தண்ணீர் சேர்த்து, கட்டாயம் துணியில் வடிகட்ட வேண்டும்.

இந்தச் சாற்றோடு அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரைச் சேர்ப்பவர்கள் உண்டு. முதல்நாளே ஊறவைத்த வெந்தயத்தின் தண்ணீரைச் சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டும் நல்லதுதான். முதல் மூன்று வாரம் எதையும் சேர்க்காமல் வெறும் தாளியாகவே பாருங்கள் என்பது என் யோசனை. உங்கள் முடிக்கு இது என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

5. தேய்ப்பதும் அலசுவதும்

தலையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தாளியை உச்சியிலிருந்து ஊற்றுங்கள். விரல்நுனியால் தேயுங்கள், நகம் படக் கூடாது. நுனிமுடிக்குத்தான் இது அதிகம் தேவை. அது வயதான முடி, காய்ந்து பிளந்திருப்பது அங்கேதான். பதினைந்து இருபது நிமிஷம் போதும். இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் இரண்டு மடங்கு பலன் என்பதெல்லாம் இல்லை.

பசை தலையில் இருக்கும்போதே பல் அகன்ற சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஈர முடி இழுத்தால் நீளும், நீண்டால் எளிதில் அறும். அதனால்தான் குளித்து வந்து சிக்கெடுக்க வேண்டாம் என்கிறேன். வழுக்கல் இருக்கும்போது எடுத்துவிட்டால் சண்டையே இல்லை. சுருட்டை முடிப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு காரியத்துக்காகவே தாளியைச் சிபாரிசு செய்வேன்.

பிறகு தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். வெள்ளைத் துவர்த்தால் துடைக்காதீர்கள், பூவின் கறை ஏறும்.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். தாளி லேசான அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெயை முழுதாக எடுக்காது. நிறைய எண்ணெய் வைத்த அன்றைக்குச் சீயக்காயோ அரப்போ பயற்றமாவோ போட்டு எண்ணெயை எடுத்த பிறகு, கடைசியாகத் தாளி போடுங்கள்.

6. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பூவைக் கொண்டே பாருங்கள்

பள்ளிக்கூட அறிவியலில் செம்பருத்தி ஒரு நிறங்காட்டி என்று படித்திருப்பீர்கள். அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். இதழின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமியின் குணம் அது. இதை வீட்டில் உபயோகப்படுத்துங்கள். நான்கைந்து இதழை வெந்நீரில் போட்டு நிறம் இறங்கியதும் மூன்று கிண்ணத்தில் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, ஒன்றில் நீங்கள் தலைக்குப் போடும் சோப்புக் கரைசல், மூன்றாவதில் உங்கள் குளியலறைத் தண்ணீர். சோப்புக் கிண்ணம் நிறம் மாறி நீலம், பச்சை என்று போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நம் தலைத்தோல் லேசான அமிலப் பக்கம், 5.5 அளவில் இருக்கிறது. சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். அந்தக் காரத்தில் முடியின் மேல்தோல் செதில் தூக்கிக்கொள்ளும், முடி சொரசொரக்கும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள ஊர்களில் சோப்பு அந்த உப்போடு சேர்ந்து பிசுக்காக முடியில் படிந்தும் விடும். சீயக்காய்க்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே தாளி போட்டும் முடி முரடாக இருக்கிறது என்றால் குறை செம்பருத்தியில் இருக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு வாளி ஒதுக்கிப் பாருங்கள்.

7. எண்ணெய் காய்ச்சுவதில் எதிரி ஈரம்தான்

தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், செக்கில் ஆட்டியதாக இருந்தால் நல்லது. தேங்காய் எண்ணெயின் பெருமைக்கும் ஆதாரம் உண்டு. அதுவும் 2003-ல் வெளியான ஆய்வுதான். சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் இரண்டோடும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கக்கூடியது. ஆகவே செம்பருத்தி எண்ணெயில் நடக்கும் நல்லதில் பெரிய பங்கு எண்ணெய்க்கே உரியது என்பதை மறக்காதீர்கள்.

இலை இரண்டு கைப்பிடி, பூ பத்து. அலசி, துணியில் பரப்பி, நிழலில் இரண்டு நாள் வாடவிடுங்கள். வெயிலில் வேண்டாம். தொட்டால் ஈரம் தெரியக் கூடாது. கையால் கிழித்து, அடி கனத்த இரும்பு வாணலியில் எண்ணெய் ஆறியிருக்கும்போதே போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிக்கும் எண்ணெயில் இலையைப் போட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். தீ மிகச் சிறியதாக இருக்கட்டும்.

இனிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இலையிலுள்ள நீர் போகிறவரை சடசடவென்று சத்தம் இருக்கும். மெல்ல மெல்ல அது அடங்கும். எண்ணெயின் மேல் நுரை கட்டும். அப்போது ஒரு கரண்டியால் சக்கையை எடுத்து, ஆறவைத்து, விரலால் உருட்டிப் பாருங்கள். மெழுகாகத் திரண்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் இதை மெழுகு பதம் என்பார்கள். திரளாமல் பொடியாக உதிர்ந்தால் மணல் பதம். பல நாள் வைத்துப் பயன்படுத்தும் எண்ணெய்க்கு இங்கே நிறுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு பஞ்சுத்திரியில் அந்தச் சக்கையைச் சிறிது தடவிப் பற்றவையுங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் மிச்சம். அமைதியாக எரிந்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் விட்டால் கருகி, எண்ணெய் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறும்.

வெதுவெதுப்பாக ஆறியதும் வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடியின் உள்பக்கத்தையும் துடைத்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் எண்ணெய் உறைந்தால் அடுப்பில் வைக்காமல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, வெந்தயம் சேர்ப்பதெல்லாம் உங்கள் விருப்பம். எதைச் சேர்த்தாலும் ஈரம் போக வேண்டும் என்பது ஒன்றே விதி.

8. எண்ணெய் சிவக்கவில்லையே என்று வருந்தாதீர்கள்

புதிதாய்க் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. பூவின் சிவப்பு நீரில் கரையும், எண்ணெயில் இறங்காது. வீட்டில் ஒழுங்காகக் காய்ச்சிய செம்பருத்தி எண்ணெய் இலையின் பச்சையமும் சேர்ந்து பச்சையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். கடை எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு வேறெங்கிருந்தோ வந்தது. வேம்பாளம் பட்டை போட்டால் எண்ணெய் அழகாகச் சிவக்கும், சாயமும் சேர்த்திருக்கலாம். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்லாதீர்கள்.

9. பச்சையாக அரைத்ததை மீதி வைக்காதீர்கள்

தாளியும் விழுதும் அன்றன்றைக்கு. குளிர்பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள்வரை தாங்கலாம். அதற்கு மேல் புளித்த வாடை வந்தாலும் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். தண்ணீரும் சர்க்கரைப் பசையும் சேர்ந்த இடத்தில் கிருமி வளராமல் இருக்காது. வீட்டில் செய்வதற்குப் பாதுகாப்புப் பொருள் கிடையாது என்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறோம், சரி. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த உடனுக்குடன் செய்யும் உழைப்பு.

10. சீயக்காய் அரைக்கும்போது

ஒரு கிலோ சீயக்காய்க்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், நிழலில் காயவைத்த செம்பருத்தி இலையும் பூவும் சேர்ந்து 100 கிராம். எல்லாம் கையில் நொறுங்கும் அளவுக்குக் காய வேண்டும். பூந்திக்கொட்டை நுரைக்கு நல்லது, ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மாவு மில்லில் சீயக்காய்க்கென்று தனி மிஷின் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்து மாவு அரைக்கிறவர் உங்களைத் திட்டுவார். பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சூடு ஆறும்வரை அகலமாகப் பரப்பிவைத்து, பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

11. தலைக்கு முன்னால் கைக்கு

காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி, கழுவி, ஒரு நாள் பொறுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேண்டாம். மூலிகை என்பதால் யாருக்கும் ஒவ்வாமை வராது என்று இல்லை.

பொடுகு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவைக்கும் பழக்கத்தை விடுங்கள். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசேசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று வளர்வது. தலையில் புண், சீழ், படை இருந்தால் எதுவும் தடவாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் செம்பருத்தியைக் கஷாயமாகவோ பொடியாகவோ உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. தலைக்குப் போடுவதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

12. செம்பருத்தியிடம் கேட்கக் கூடாதவை

மக்களே, இதை நிதானமாகப் படியுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஒரு வாரத்தில் இரண்டு அங்குலம் என்று எந்த எண்ணெய் சொன்னாலும் அது பொய். நரைத்த முடியைச் செம்பருத்தி கறுப்பாக்காது. மயிர்க்காலில் நிறமி உற்பத்தி நின்றுபோன முடிக்கு வெளியே தடவும் இலையால் நிறம் வராது. புழுவெட்டுக்கும் இது மருந்தாகாது.

பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகும் அப்படித்தான். பெரும்பாலும் அது தானே நின்று, சில மாதங்களில் முடி திரும்ப வரும். அந்தச் சமயத்தில் தாளி போட்டு முடி வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. போடுவதில் குற்றமில்லை, ஆனால் காரணம் அது இல்லை. மாதக்கணக்கில் நிற்காமல் கொட்டினால், அதோடு களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால், மாதவிலக்கு முறை தவறினால், ரத்தசோகையும் தைராய்டும் பரிசோதிக்க வேண்டும். வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தலைக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. இரும்புச்சத்து இல்லாத உடம்பில் மேலே என்ன ஊற்றினாலும் முடி நிற்காது. அந்தப் பணத்தில் முட்டையும் முருங்கைக்கீரையும் கடலையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இருக்கிற முடியை மெதுவாக்கும், உடையாமல் காக்கும், சிக்கில்லாமல் வைத்திருக்கும். செம்பருத்தி செய்வது இவ்வளவுதான். உடையாத முடி நீளமாகத் தெரியும். பெரியவர்கள் சொன்ன வளர்ச்சியில் பாதி இதுதான் என்பது என் கருத்து.

13. விற்க நினைப்பவர்களுக்கு

நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்றதும் பாட்டிலில் அடைத்து விற்க ஆசை வரும். விற்பனைக்கு அழகுப்பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும். அதற்கென 2020-ல் வந்த அழகுப்பொருள் விதிகளே இருக்கின்றன. உங்கள் தலையில் நீங்கள் சோதிப்பது வேறு, அடுத்தவர் தலைக்குப் பொறுப்பேற்பது வேறு. உரிமம் எடுத்துச் செய்யுங்கள், இல்லையென்றால் செய்முறையைச் சொல்லிக்கொடுங்கள்.

14. ஒரு குச்சி நட்டுவிடுங்கள்

பூவுக்கும் இலைக்கும் ஒவ்வொரு வாரமும் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சியை, நான்கு கணு இருக்கும்படி, அடியில் சாய்வாக வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி நட்டு, நிழலில் வைத்து, மண் காயாமல் தண்ணீர் தெளித்தால் ஒரு மாதத்துக்கு முன்பின்னாக வேர் பிடிக்கும். மழைக்காலம் நல்ல சமயம். எங்கள் பக்கம் ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு தடவை வாய்ப்பு உண்டு. பிறகு வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், மாடியில் பெரிய தொட்டி போதும். தண்ணீர் தேங்காமல் தொட்டியின் அடியில் துளை வேண்டும்.

முதல் வருஷம் இலை பறிக்காமல் செடியைத் தேறவிடுங்கள். அடுத்த வருஷத்திலிருந்து, ஒரே கிளையை மொட்டையடிக்காமல் கிளைக்கு இரண்டு மூன்றாக எடுத்தால், வாரம் ஒரு தலைக்குத் தேவையான இருபது இலையை ஒரு செடியே கொடுக்கும்.